ரெண்டு தட்டு

ராத்திரி ஒண்ணே கால் மணி. ஏரிக்கரை ரோடு. ஒரு பக்கம் தண்ணி, இன்னொரு பக்கம் வரிசையா மரம். ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு வீடு கெடையாது, ஒரு விளக்கு கெடையாது. அதுல ஒரு கார் போகுது. உள்ள ஒரே ஒரு ஆள். பாட்டு இல்ல. செட்டு ஓடுது, ஆனா வால்யூம் பூஜ்யம். இருந்தாலும் ஸ்பீக்கர்லேர்ந்து சத்தம் வருது...

இருங்க, இருங்க. டேய் குறட்டை, அந்தக் கண்ணாடியை ஏத்து. பேஸ்மென்ட் குளிர் மொத்தமும் உள்ளதான் வருது. மேல ஆபீஸ்ல ஷிஃப்ட் முடிஞ்சு ஆளுங்க எறங்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அஞ்சு டிரைவருங்க ஒரே வேன்ல அடைஞ்சு கெடக்கோம், கதை கேக்க இதைவிட நல்ல எடம் கெடையாது. நகந்து ஒக்காருங்க.

எல்லாம் புதுசா வந்த இந்த டிரைவர், நம்ம புதுசு, கேட்ட கேள்வியாலதான். இப்பத்தான் கார் வாங்கியிருக்கான், சொந்தக் கார். "அண்ணே, பூஸ்டர் போட்டா சவுண்டு நல்லாருக்குமா"ன்னு கேட்டான். நல்ல கேள்வி. அதுக்கு ஒரு ஆள் தன் காதாலயே பதில் தெரிஞ்சுகிட்டாரு. நடந்ததை நான் பாத்ததில்ல. கட்டை சொன்னது. நான் ஏசி ரிப்பேர் பாத்துக்கிட்டிருந்தப்போ பக்கத்து மேஜையில வேலை பாத்தவன் கட்டை. கதை கட்டற அளவுக்கு அவனுக்கு மூளை கெடையாது, அதனால நம்பலாம். நடந்தது அவனோட தாய்மாமாவுக்கு.

மாமாவுக்குக் கார்ல பாட்டு செட்டு மாட்டற வேலை. தனியா இல்ல, ஒரு பார்ட்னர் உண்டு. பதினெட்டு வருஷக் கூட்டு. ரெண்டு பேரும் ஒரே சிகரெட்டை மாத்தி மாத்திப் பிடிப்பாங்கன்னு கட்டை சொல்வான். மாமா வயர் வேலை. பார்ட்னர் கதவு வேலை... கதவுக்குள்ள ஸ்பீக்கர் வெச்சா தகரம் அதிரும் இல்லையா, அது அதிராம உள்ள தார் ஷீட்டு ஒட்டி, பேனலை இறுக்கி மூடறது. அதுல அந்த ஆள் கில்லாடி. காரோட கதவை யாராவது டமால்னு சாத்தினா அவருக்கு மூஞ்சி சுருங்கிடும். அவரு சாத்தற விதமே வேற. உள்ளங்கையை வெச்சு மெல்லத் தள்ளுவாரு. 'க்ளப்'னு ஒரே சத்தம். அப்புறம் விரல் முட்டியால கதவுல ரெண்டு தட்டு. டொக்... டொக்.

அந்தக் கடையில அது ஒரு வழக்கம். வெளியிலேர்ந்து ரெண்டு தட்டு தட்டினா, 'அதிருதா பாரு'ன்னு அர்த்தம். உள்ள ஒக்காந்திருக்கறவன் காதை வெச்சுக் கேட்டுட்டு, சரியா இருந்தா திருப்பி ரெண்டு தட்டு தட்டணும். 'சரி, இருக்கேன்'னு. தட்டலைன்னா பேனலைக் கழட்ட வேண்டியதுதான். ஒரு நாளைக்கு அம்பது தடவை நடக்கும். அந்த ஆளுக்கு அது கையோடயே ஒட்டிப்போச்சு. வீட்டு பீரோவை மூடினாக்கூட ரெண்டு தட்டு தட்டுவாராம். சிரிக்காத குறட்டை, நீகூடத்தான் சாப்பிட ஒக்காந்தா ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி தட்டைப் பிடிக்கிறே.

மாமாவுக்கு ஒரு தம்பி. கட்டைக்குச் சின்ன மாமா. அவருக்குக் கடையில வேலை கெடையாது, ஆனா சாயங்காலமானா கடையிலதான் இருப்பாரு. கார்ல ஒக்காந்து தட்டுக்குத் திருப்பித் தட்டறது பாதி நாள் அவருதான். பார்ட்னருக்கும் அவருக்கும் ஒரே வயசு. வாடா போடா பழக்கம். சின்ன மாமாவோட காருக்கு மாமாவே செட்டு மாட்டிக் குடுத்தாரு. ஸ்பீக்கருக்குப் பவர் குடுக்கற ஆம்ப் பெட்டியை டிக்கியில வெச்சு, ஒவ்வொரு வயரையும் தன் கையால இழுத்தாரு. தம்பிக்குன்னு பாத்துப் பாத்துச் செஞ்சது.

அந்தக் கார்தான் ஒரு நாள் ராத்திரி ஏரிக்கரையில ஒரு மரத்துல மோதிச்சு.

காலையில பேப்பர் போடற வேன்காரன்தான் முதல்ல பாத்தான். முன்பக்கம் நசுங்கியிருக்கு. தண்ணிப் பக்கத்துலேர்ந்து பனி. சின்ன மாமா ஸ்டியரிங் பக்கத்துல... முடிஞ்சு போயிருந்தாரு. சீட் பெல்ட்டைக் கத்தியால அறுத்துத்தான் வெளிய எடுத்தாங்க. ஒரு ஹெட்லைட்டு ஒடையாம முழுசா இருந்துச்சு, ஆனா எரியல. செட்டு மட்டும் பாடிக்கிட்டே இருந்துச்சாம். ராத்திரி பூரா. பேட்டரி தீரத் தீர, சன்னமா... வேன்காரன் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

பார்ட்னர் ஓடி வந்தாரு. மொதல் நாள் ராத்திரி உடம்பு சரியில்லாம வீட்டுல படுத்திருந்தாராம். தோளை ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டேதான் எல்லா வேலையும் செஞ்சாரு. ஸ்பீக்கர் பெட்டி தூக்கினதுல பிடிச்சிருச்சுன்னாரு. சின்ன மாமாவைத் தூக்கினதுல ஒரு கை அவரோடது. மூணு வாரம் அந்த வீட்டுக்குச் சாப்பாடு அவரு வீட்டுலேர்ந்துதான் வந்துச்சு. கட்டை அம்மா இப்பவும் சொல்லுவாங்களாம், 'கூடப் பொறந்தவன்கூட அப்படிச் செய்யமாட்டான்'னு.

ஒரு மாசம் கழிச்சு ஒரு நாள் கடையை மூடற நேரம். பார்ட்னர் மாமாவைக் கூப்பிட்டு, பேப்பர்ல சுத்தி வெச்சிருந்த ஒரு துண்டு வயரை எடுத்து முன்னாடி வெச்சாரு. சிவப்பு வயர், கட்டைவிரல் தடிமன். மேல்தோல் தேஞ்சு செம்பு தெரியுது. கருகியிருக்கு.

"இது உன் வயர். பேட்டரியிலேர்ந்து ஆம்புக்கு நீ இழுத்தது. எஞ்சின் தகரத்துல ஒரசி, ஹெட்லைட் வயரோட சேந்திருக்கு. அதான் லைட் போயிருக்கு. அன்னிக்குக் காலையில யாரும் எஞ்சின் பக்கம் பாக்கறதுக்கு முன்னாடி நான் வெட்டி எடுத்துட்டேன். நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். உன் தம்பி வீட்டுல சொல்லாத. தாங்கமாட்டாங்க."

புரியுதா? நீதான் உன் தம்பியைக் கொன்னே, ஆனா நான் வெளிய சொல்லமாட்டேன்... அதைத்தான் அந்த ஆள் சொன்னாரு. தோள்ல கை வெச்சு, கண்ணுல தண்ணியோட.

மாமா அன்னியோட வயரைத் தொடறதை விட்டுட்டாரு. ஸ்க்ரூடிரைவரை எடுத்தா அப்படியே திருப்பி வெச்சிடுவாரு. கடைக்குப் போவாரு, கல்லா பக்கத்துல ஒக்காருவாரு, பேனல் துடைப்பாரு. தம்பி பொண்டாட்டி வந்தா பின்பக்கமா எழுந்து போயிடுவாரு. ஒரு தடவை அவங்க நேராவே கேட்டாங்க, 'எதனால லைட் அணைஞ்சுதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே'ன்னு. மாமா துணியை எடுத்துப் பேனலைத் துடைக்க ஆரம்பிச்சாரு. அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. மூணு வருஷம் அப்படித்தான் போச்சு. ஒரு மனுஷன் தன் கையையே பாத்துப் பயப்படறதுன்னா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க.

அந்தக் காரை மட்டும் அவரு விடல. எல்லாரும் பழைய இரும்புக்குப் போடச் சொன்னாங்க. கேக்கல. கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணி, அதையே ஓட்டினாரு. அது ஏதோ தனக்குத் தானே குடுத்துக்கிட்ட தண்டனை மாதிரி. கடையிலேர்ந்து வீட்டுக்கு வழி அதே ஏரிக்கரை. புது செட்டு, புது ஆம்ப், புது ஸ்பீக்கர், எல்லாம் பார்ட்னர்தான் மாட்டினாரு. ஒண்ணே ஒண்ணு மட்டும் பழசு. முன்னாடி செட்டுலேர்ந்து பின்னாடி டிக்கியில இருக்கற ஆம்ப் வரைக்கும், கால்மிதிக்கு அடியில மெல்லிசா ஒரு வயர் ஓடும், பாட்டு போற வயர். தம்பிக்காக மாமா போட்ட அதே வயர். அது நல்லாத்தான் இருந்துச்சு, மாத்தல.

இப்ப வர்றேன் பூஸ்டருக்கு. புதுசு, கவனமாக் கேளு.

அந்த மெல்லிசு வயர் இருக்கே, அது போற வழியில எஞ்சின் இரைச்சல், பேட்டரி இரைச்சல் எல்லாம் அதுல ஒட்டிக்கும். பூஸ்டரை முன்னாடி, செட்டு பக்கத்துல மாட்டினா பாட்டு கெளம்பும்போதே பலமா கெளம்பும். வழியில ஒட்டற இரைச்சல் அதுக்குக் கீழ அமுங்கிப் போகும். அதுதான் முறை. சோம்பேறிங்க டிக்கியில மாட்டுவாங்க, எடம் தாராளமா இருக்குன்னு. அங்க மாட்டினா அது பாட்டையும் தூக்கும், ஒட்டிக்கிட்டு வந்த குப்பையையும் தூக்கும். பூஸ்டருக்கு எது பாட்டு, எது இரைச்சல்னு தெரியாது. எது வந்துச்சோ அதைப் பெருசாக்கும். நல்லதாக்காது. மாமா வாடிக்கையாளர் ஒவ்வொருத்தருக்கும் இதைத்தான் சொல்லுவாரு.

ஒரு நாள் ராத்திரி ஏரிக்கரையில வரும்போது, பாட்டு முடிஞ்சு அடுத்த பாட்டு ஆரம்பிக்கிற அந்த ரெண்டு நொடியில... ஸ்ஸ்ஸ்னு ஒரு இரைச்சல். அதுக்கு அடியில வேற ஏதோ. மனுஷன் சிரிக்கிற மாதிரி. மொதல் மரம் தாண்டினதும் ஆரம்பிச்சு, மோதின மரம் தாண்டினதும் நின்னு போச்சு. மறுநாள் அதே. வால்யூமைப் பூஜ்யத்துல வெச்சுக் கேட்டாரு. அதே.

தொழில்காரர் இல்லையா... பயப்படறதுக்கு முன்னாடி சோதிச்சாரு. செட்டை மாத்தினாரு. வந்துச்சு. ஆம்பை மாத்தினாரு. வந்துச்சு. ஸ்பீக்கரை மாத்தினாரு. வந்துச்சு. மிச்சம் இருந்தது அந்த ஒரு வயர்தான்.

எல்லாரும் இரைச்சலைக் கொறைக்கத்தான் பாப்பாங்க. இவரு மூணு வருஷம் கழிச்சு ஸ்க்ரூடிரைவரைக் கையில எடுத்து, ஒரு பூஸ்டரை எடுத்து, வேணும்னே தப்பா மாட்டினாரு. டிக்கியில. கடைசி முனையில.

அன்னிக்கு ராத்திரி... ஒண்ணே கால் மணி. தனியாப் போனாரு. மொதல் மரம் தாண்டிச்சு. ஸ்ஸ்ஸ்... இப்ப அந்த இரைச்சல் கார் முழுக்க. கூடவே ஒரு வாசனை. இனிப்பா, சூடா... ரேடியேட்டர் தண்ணி கொட்டினா வருமே, அது. வண்டியில எங்கயும் ஒழுகல. அப்புறம் குரல். தம்பி குரல்.

மொதல்ல சிரிப்பு. அப்புறம், "போதும்..." அப்புறம், "வெளையாடாத. லைட்டைப் போடு. ஒண்ணும் தெரியல... லைட்டைப் போடு..."

அப்புறம் அந்தச் சத்தம். அதை நான் சொல்ல வேணாம்.

மாமா மரத்துக்குப் பக்கத்துல வண்டியை நிறுத்திட்டாரு. நின்ன எடத்துல இரைச்சல் தொடருது. யாரோ மூச்சு வாங்கறாங்க. 'டிக்'... பெல்ட்டு கழட்டற சத்தம். மாமாவுக்கு அங்கதான் தூக்கிவாரிப் போட்டுது. தம்பி பெல்ட்டைத்தான் காலையில அறுத்தெடுத்தாங்களே? அப்ப இது யாரு பெல்ட்டு?

கதவு தெறக்குது. யாரோ எறங்கறாங்க. கதவு சாத்தற சத்தம். டமால்னு இல்ல... உள்ளங்கையை வெச்சு மெல்லத் தள்ளின மாதிரி. 'க்ளப்'.

அப்புறம் ரெண்டு தட்டு. டொக்... டொக்.

...

புரிஞ்சுதா? பார்ட்னரோட பழக்கதோஷம். ஒரு உயிர் உள்ள கெடக்கு, தப்பிச்சு ஓடப் போற நேரத்துல கூட அந்தக் கை தன் வேலையைச் செஞ்சிருக்கு. ஓடற காருல, பக்கத்து சீட்டுலேர்ந்து கையை நீட்டி, வெளையாட்டுக்கு லைட்டை அணைச்சதும் அதே கைதான். வயரும் இல்ல, ஒரசலும் இல்ல. ஆம்புக்குப் போற வயர் கருகியிருந்தா செட்டு ராத்திரி பூரா பாடியிருக்குமா, துக்கத்துல மாமாவுக்கு அது தோணல. அந்தச் சிவப்பு வயரைத் தேய்ச்சுக் கருக்கினதும் அதே கை.

மாமா அந்தத் தட்டு வரைக்கும்தான் கேட்டாரு. அதுக்கு மேல தாங்கல. வண்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. அப்புறம் மூணு ராத்திரி போனாரு, மூணு ராத்திரியும் அந்தத் தட்டு வந்ததும் கியரைப் போட்டுட்டாரு.

எனக்குப் பேயெல்லாம்கூடப் பரவால்லைப்பா. அந்த மூணு வருஷத்தை நெனச்சாத்தான் வயிறு எரியுது. தெனமும் எதிர்ல ஒக்காந்து, ஒண்ணா டீ குடிச்சு, "மனசைத் தேத்திக்க"ன்னு சொல்லியிருக்கான். அவன்தான். எனக்கு இனிமே அந்த ஆளுக்கு மரியாதையெல்லாம் வராது.

கடைசி ராத்திரிக்கு மறுநாள் காலையில கடை. ஒரு வாடிக்கையாளரோட வண்டி. மாமா உள்ள ஒக்காந்திருக்காரு. பார்ட்னர் பேனலை மூடினான். 'க்ளப்'. டொக்... டொக். மாமா திருப்பித் தட்டல.

"என்ன, அதிருதா?"

"ஆமா"ன்னாரு மாமா. "அதிருது."

பார்ட்னர் மறுபடியும் பேனலைக் கழட்டிப் பாத்தான். ஒண்ணும் இல்ல. மாமா அவன் கையையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தாரு.

ரெண்டு நாள் கழிச்சுச் சாதாரணமாக் கேட்டாரு. "என் கார்ல ஒரு இரைச்சல். என்னன்னு தெரியல. நைட்டுதான் வருது. வந்து கேளேன்."

"பூஸ்டர் எங்க மாட்டியிருக்கே?"

"டிக்கியில."

அவன் சிரிச்சான். "ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பே. நீயே அங்க மாட்டினா? முன்னாடி மாத்து, சரியாப் போயிடும்."

"வந்து ஒரு தடவை கேளு. அப்புறம் மாத்தறேன்."

அன்னிக்கு ராத்திரி அவன் வந்து முன்சீட்டுல ஒக்காந்தான். பின்சீட்டுல கட்டை. மாமா அவனைக் கூப்பிட்டுக்கிட்டாரு. "எனக்கு மட்டும் கேக்குதோன்னு இருக்கு. இன்னொரு காது வேணும்"னு சொன்னாராம். அவ்வளவுதான் சொன்னாரு. அதனால கட்டைக்கு எதுவும் தெரியாது, ஏதோ ரிப்பேர்னு நெனச்சு, போற வழியில தூங்கக்கூடத் தூங்கினான். அவனை எழுப்பினது அந்த வாசனை. சூடான, இனிப்பான வாசனை.

மொதல் மரம் தாண்டிச்சு. ஸ்ஸ்ஸ்...

சிரிப்பு. "போதும்... வெளையாடாத. லைட்டைப் போடு." கட்டைக்குச் சின்ன மாமா குரல்னு ஒடனே தெரிஞ்சுபோச்சு. முன்சீட்டுல பார்ட்னர் அசையல. மாமா வண்டியை மரத்துக்கிட்ட நிறுத்தினாரு. லைட்டை அணைச்சாரு. எஞ்சினை அணைச்சாரு. செட்டோட சின்னப் பச்சை வெளிச்சம் மட்டும்.

மோதற சத்தம். மூச்சு. 'டிக்'. கதவு. 'க்ளப்'.

டொக்... டொக்.

பார்ட்னர் வாய் மெல்லத் தெறந்துச்சு. "வெறும் இரைச்சல்... பூஸ்டரைத் தப்பா மாட்டியிருக்கே, அதான்."

"ஆமா"ன்னாரு மாமா. "தப்பாத்தான் மாட்டியிருக்கேன்."

அப்புறம் அவன் ஒடைஞ்சுட்டான். மூஞ்சியை மூடிக்கிட்டு, "அவன் அப்பவே போயிட்டான். நான் பாத்தேன். மூச்சே இல்ல. இருந்திருந்தா விட்டுட்டுப் போவனா? உன் தம்பிடா அவன். போயிட்டான்னு தெரிஞ்சுதான் எறங்கினேன். சத்தியமா."

மாமாவுக்கு அதை நம்பணும்னு இருந்துச்சாம். பின்னால கட்டைகிட்ட சொல்லியிருக்காரு. பதினெட்டு வருஷம் பாருங்க... அந்தக் கடைசி நிமிஷத்துலகூட, 'சரி, பயந்துட்டான், ஓடிட்டான், அவ்வளவுதானே'ன்னு மன்னிச்சுடலாம்னு மனசு தயாராயிடுச்சாம். சாவியைத் திருப்பக் கையைக் கொண்டுபோனாரு.

ஆனா இரைச்சல் இன்னும் நிக்கல. அவரு ஒவ்வொரு தடவையும் கெளம்பிடற எடத்தை அது தாண்டிருச்சு. அன்னிக்குத்தான் மொதல் தடவையா மிச்சம் ஓடுது.

காலடி. சரளைக்கல்லுல. சரக்... சரக்... சரக்... தூரமாப் போகுது.

அப்புறம், உள்ளேர்ந்து.

டொக்...

...

டொக்.

கொழந்தை தட்டற மாதிரி, பலமே இல்லாம. 'சரி, இருக்கேன்'னு.

சரளைக்கல்லுல காலடி நின்னுச்சு.

கட்டை சொன்னான், அந்த அமைதிதான் இன்னிக்கும் அவனைத் தூங்க விடறதில்லையாம். எவ்வளவு நேரம்னு தெரியல. ஏரித் தண்ணி கரையில மோதறதுகூட அந்த ஸ்பீக்கர்ல கேட்டுச்சாம். அப்புறம் மறுபடியும் உள்ளேர்ந்து. டொக்... டொக்.

சரக். சரக். சரக். சரக். காலடி வேகமாப் போச்சு.

அதோட இரைச்சலும் நின்னு போச்சு, செட்டோட பச்சை வெளிச்சமும் அணைஞ்சு போச்சு.

மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. "அன்னிக்கு ஒனக்குக் கேட்டுச்சா?"

பார்ட்னர் பெல்ட்டைக் கழட்டினான். 'டிக்'. எறங்கினான். கதவை... உள்ளங்கையை வெச்சு மெல்லத் தள்ளினான். 'க்ளப்'. கை தானாப் போச்சு. டொக்... டொக். தட்டின பிறகுதான் என்ன செஞ்சோம்னு அவனுக்கே ஒறைச்சுது. கையைக் கதவுலேர்ந்து எடுக்காம நின்னான்.

மாமா ரெண்டு கையையும் ஸ்டியரிங்ல வெச்சிருந்தாரு. கட்டை பின்சீட்டுல, கையை அக்குள்ல சொருகிக்கிட்டு ஒக்காந்திருந்தான். செட்டு அணைஞ்சு கெடக்கு. பார்ட்னர் எறங்கின அந்த முன்சீட்டு காலி.

அந்தக் கதவுல, உள்பக்கத்துலேர்ந்து... டொக். டொக்.

அவன் ஓடின ஓட்டம் இருக்கே... செருப்பு ரெண்டும் அங்கயே கெடந்துச்சாம். மாமா தொரத்தல, திட்டல. ரெண்டு அறை விட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும், அதுவும் செய்யல. நேரா தம்பி வீட்டுக்குப் போய், விடியற வரைக்கும் வாசல்ல ஒக்காந்திருந்து, அவங்க கதவைத் தெறந்ததும் எல்லாத்தையும் சொன்னாரு. சொல்லிட்டு மூணு வருஷ அழுகையையும் அழுதாரு. 'நான் இல்ல... என் வயர் இல்ல'ன்னு அதையே சொல்லி அழுதாராம். போலீசுக்கு எதைக் கொண்டுபோய்க் குடுக்கறது? ஒரு பூஸ்டரையா? அப்புறம் அவரே அந்த மெல்லிசு வயரைக் கால்மிதிக்கு அடியிலேர்ந்து உருவி எடுத்தாரு. சுருட்டி, தம்பி பொண்டாட்டிகிட்ட குடுத்துட்டாரு. அதுக்கப்புறம் அந்தக் கார்ல வெறும் பாட்டுதான் வருது. மாமா மறுபடியும் வயர் வேலை பாக்கறாரு. தனியா.

என்ன புதுசு, மூஞ்சி வெளுத்துப் போச்சு? பூஸ்டர் வேணாம்னு நான் சொல்லலப்பா. முன்னாடி மாட்டு, பாட்டு கேளு. டிக்கியில மாட்டி, உன் கார்ல முன்ன என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்காத. பழைய கார்தானே வாங்கியிருக்கே?

அந்தப் பார்ட்னரா? இருக்கான். அவனை நான் பாத்திருக்கேன், அதுக்கப்புறம்தான் கதையை முழுசா நம்பினேன். ஒரு மணல் யார்டுல காவல். பஸ்ஸுல ஏறமாட்டான். கார்னா தெருவையே மாத்திடுவான். தட்டறதை அன்னிக்கே விட்டுட்டானாம், வலது கை முட்டியில எப்பவும் துணி சுத்தியிருப்பான். ஆனா அவன் தட்டாட்டாலும்... எந்தக் கதவைச் சாத்தினாலும் வருதாம். காரோ, அலமாரியோ, எதுவா இருந்தாலும். பொண்டாட்டி பிள்ளைங்களும் கேட்டிருக்காங்க, அதான் விட்டுட்டுப் போயிட்டாங்க. தனியாத்தான் ஒரு வீட்டுல இருந்தான். வேலைக்குக் கெளம்பி, ஆளில்லாத வீட்டை வெளியிலேர்ந்து பூட்டிட்டு ரெண்டு படி எறங்குவான்... உள்ளேர்ந்து ரெண்டு தட்டு. அவன் நிப்பான். அப்புறம் நடப்பான். மறுபடியும் ரெண்டு தட்டு. இப்ப யார்டுலயே, கதவில்லாத ஒரு தகரக் கொட்டாயில தூங்கறான்.

சரி, லிஃப்ட் எறங்கற சத்தம் கேக்குது. ஆளுங்க வந்துட்டாங்க. அவங்கவங்க வண்டிக்குப் போங்க. புதுசு, நீ எறங்கு... கதவை அப்படியே விடு. நான் உள்ளேர்ந்து இழுத்துக்கிறேன்.